துப்பத் தெரிந்தவர்

எங்கள் தெருவில் மாடியில் ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். படியேறினால் ஆறு நாற்காலி போட்ட ஒரு கூடம், மீன் இல்லாத ஒரு மீன்தொட்டி, உள்ளறையில் சாய்கிற நாற்காலி ஒன்று, டாக்டர் ஒருவர், உதவியாளர் ஒருவர். அவ்வளவுதான். அந்த உதவியாளரின் கதைதான் இது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அது அவருடைய அடையாள அட்டையைத் தாண்டி வெளியே வந்ததில்லை. எங்களுக்கெல்லாம் அவர் துப்புங்கக்கா.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. டாக்டர் பல்லைக் குடைவார், நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் அக்கா, "துப்புங்க" என்பார். அதட்டலும் இருக்காது, கெஞ்சலும் இருக்காது. நீங்கள் யோசிப்பதற்குள் துப்பியிருப்பீர்கள். வங்கி மேலாளர் துப்பியிருக்கிறார், போக்குவரத்துக் காவலர் துப்பியிருக்கிறார், மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டு வந்த மாப்பிள்ளை துப்பியிருக்கிறார். ஒருமுறை பேருந்தில் யாரோ ஒருவர் ஆரஞ்சுக் கொட்டையை வாயில் வைத்துக்கொண்டு திணறுவதைப் பார்த்து அக்கா பழக்க தோஷத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். அவரோடு சேர்ந்து ஓட்டுநரும் துப்பினார். நான் இந்த அக்காவின் கண்ணெதிரே மூன்று பற்களைப் பறிகொடுத்தவன். அதனால் இதையெல்லாம் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

இந்தக் கதை தொடங்கும்போது அக்கா வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போதைய டாக்டர், பழைய டாக்டரின் மகன். அவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, அக்கா அங்கே பதினோரு வருடம் முடித்திருந்தார். டாக்டர் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். டாக்டர் ஒரு கருவியை எடுக்கும்போது அக்கா லேசாக இருமினால், அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். நோயாளிகளும் இதைக் கவனித்து வைத்திருந்தார்கள். அக்கா இருமாத வரைக்கும் பயமில்லை.

வீட்டில் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் மாடிக்கும் மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருப்பதால், வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்துதான் எதையும் செய்வார். பேச்சு குறைவு. அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அக்கா இருந்தார். துப்புங்கக்காவுக்கு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி என்று. ரயிலில் முப்பத்துநான்கு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் யாரைப் பார்த்தாலும் அவருடைய வலது கை கொஞ்சம் முன்னால் நீளும். எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் சட்டைப்பையைத் தடவுவார்.

துப்புங்கக்கா நாற்பத்தாறு வயது வரை மதுவைத் தொட்டதில்லை. சபதம், விரதம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. யாரும் அவரிடம் நீட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. கதை அங்கேதான் இருந்தது, ஒரு செவ்வாய்க்கிழமை அந்த ஒயின் கடைக்காரர் பல் கூச்சம் என்று படியேறி வரும் வரை.

ஒயின் கடை என்றதும் உங்கள் மனதில் வரும் படத்தை அழித்துவிடுங்கள். இந்தக் கடை நூலகம் போல இருக்கும். மர அடுக்குகளில் பாட்டில்கள் படுத்துக்கிடக்கும். வாங்க வருகிறவர்கள் யாரோ தூங்குகிறார்கள் என்பது போலக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கடைக்காரர் கழுத்தில் பட்டுத்துணி சுற்றிய, மிகவும் மரியாதையான மனிதர். வாயைத் திறந்தால் மட்டும் நாக்கு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. பற்களின் மேல்பூச்சு பாதி தேய்ந்து போயிருந்தது.

டாக்டர் திட்டினார். கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். தன் தொழிலே சுவைத்துப் பார்ப்பதுதான் என்றார். வாரத்துக்கு நாற்பது ஒயின், எல்லாவற்றையும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுவேன், ஒரு சொட்டு விழுங்குவதில்லை என்றார். டாக்டர் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். ஆனால் அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. சற்று நேரத்தில் கடைக்காரரைத் துப்பச் சொன்னபோது உன்னிப்பாகப் பார்த்தார். தண்ணீர் மோவாயில் வழிந்து பட்டுத்துணியில் இறங்கியது.

"உங்களுக்குத் துப்பத் தெரியல சார்," என்றார் அக்கா.

அந்த மனிதர் ஒயின் படிப்பில் இரண்டு பட்டயம் வாங்கியவர். அதில் எந்தப் பரீட்சையிலும் யாரும் அவரிடம் இதைச் சொன்னதில்லை. அவர் முகம் சிவந்தது. அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து பக்கத்தில் நின்றார்.

"உதட்டக் குவிக்காதீங்க, விளக்கு ஊதுற மாதிரி இருக்கு. நாக்கப் பின்னால தள்ளுங்க. கன்னத்த உள்ள இழுங்க. ஒரே தடவ. நடுவுல யோசிக்கக் கூடாது, யோசிச்சா சட்டையில விழும்."

ஒன்பதாவது டம்ளரில் கடைக்காரருக்குக் கைவந்தது. நேர்க்கோடாகப் போய்க் கிண்ணத்தின் நடுவில் விழுந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி அக்காவைத் திரும்பிப் பார்த்தார். புளிப்பான எதையும் சுவைத்த பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குத் துலக்கக் கூடாது, துலக்கினால் ஊறிப்போன பூச்சு பிரஷ்ஷோடு வந்துவிடும் என்று அக்கா சொல்லி அனுப்பினார். கடைக்காரர் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, சனிக்கிழமை மூன்று மணிக்குக் கடையில் சுவைப்புக் கூட்டம் இருக்கிறது, டாக்டரும் அக்காவும் அவசியம் வர வேண்டும் என்றார். டாக்டர் நாள்காட்டியைப் பார்க்காமலேயே சரி என்றார். துப்புவது எப்படி என்று இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று நினைத்து அக்காவும் சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். மழைக்கு ஒதுங்கியவனைக் கடைக்காரர் உட்கார வைத்துவிட்டார். நீள மேசை, வெள்ளை விரிப்பு, ஆளுக்கு ஆறு கண்ணாடிக் கோப்பை, நடுவில் பளபளவென்று ஒரு வாளி. எங்கள் பத்துப் பேரில் யாருக்கும் யாரையும் தெரியாது. அக்கா வந்ததும் கைப்பையிலிருந்து நோயாளிகளுக்கு மாட்டும் நீலக் காகித விரிப்புகளை எடுத்து, கேட்காமலேயே எல்லோர் கழுத்திலும் கிளிப் போட்டு மாட்டினார். பெரிய அதிகாரி மாதிரி இருந்த ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா மோவாயைத் தூக்கிவிட்டு மாட்டினார். அவர் அடங்கிவிட்டார்.

கடைக்காரர் முதல் ஒயினை ஊற்றினார். கோப்பையைச் சுழற்றுங்கள், முகருங்கள், ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரப்புங்கள், பிறகு இந்த வாளியில் துப்புங்கள் என்று விளக்கினார். எல்லோரும் ஒரு வாய் எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் எப்படித் துப்புவது? கன்னம் உப்பிப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். முதல் ஆளாகத் துப்ப யாருக்கும் மனமில்லை. அந்த அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"துப்புங்க," என்றார் அக்கா.

கடைக்காரர் உட்பட அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துப்பினோம். வாளி சற்று நகர்ந்தது. டாக்டர் ஒருவர் மட்டும்தான் துப்பவில்லை. அந்தச் சொல்லைப் பதினோரு வருடமாகப் பக்கத்திலேயே கேட்டுக் கேட்டு அவருக்கு மட்டும் அது வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. அவர் விழுங்கிவிட்டு, பிரமாதம் என்றார். ஆறு ஒயினுக்கும் அதையேதான் சொன்னார். ஆறாவதைச் சொல்லும்போது அந்தச் சொல்லில் நிறைய எழுத்துகள் கூடியிருந்தன.

மூன்றாவது கோப்பையில்தான் விஷயம் நடந்தது. அடர் சிவப்பு ஒயின், விலை உயர்ந்தது. அக்கா முகர்ந்தார். ஒரு வாய் எடுத்தார். சுத்தமாகத் துப்பினார். பிறகு சந்தேகத்தோடு கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல டெம்பரரி ஃபில்லிங் இருக்கு," என்றார்.

பக்கத்தில் இருந்த பெண் பதறிப்போய்த் தன் கோப்பைக்குள் விரல் விட்டுத் தேடினார். அக்கா விளக்கினார். பல்லில் தற்காலிகமாக அடைத்து அனுப்புவோமே, அதில் கலக்கிற கிராம்பு எண்ணெய். அந்த வாசனைதான். நேற்று அடைத்தது மாதிரி இல்லை, போன வாரம் அடைத்து ஊறினது மாதிரி இருக்கிறது என்றார். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த ஒயின் பதினெட்டு மாதம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்ததாம். மரத்தை நெருப்பில் வாட்டும்போது கிராம்பு வாசனை வருமாம். அதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்ல அவருக்கு ஆறு வருடமும் இரண்டு தோல்வியும் ஆயிற்றாம். அக்காவோ அந்த எண்ணெயைத் தினமும் கையில் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்.

அதன்பிறகு அக்கா ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. அவருக்கு வாய்த்த வேலை அப்படி. உலகத்தில் என்னென்ன வாசனை உண்டோ அதில் பாதி அந்த உள்ளறைக்குள் வந்து போயிருந்தது. குளிர்ப்பிரதேசத்து வெள்ளை ஒயினை வாயில் வைத்ததும், பச்சை ஆப்பிள், பல் அச்செடுக்கிற ஈரச் சுண்ணாம்பு, பல்லுக்கு முதல் எதிரி என்றார். புகையில் வாட்டிய தானியத்தில் செய்த விஸ்கி ஒன்று வந்தது. மற்றவர்கள் விறகு, கடற்கரை, தோல்பை என்று அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரே முகர்ச்சியில், கட்டுப் பிரிக்கிற பஞ்சு என்றார். நாங்கள் மறுபடி முகர்ந்தோம். ஆஸ்பத்திரிதான். அதிகாரி தான் எழுதிய கடற்கரையை அடித்துவிட்டார்.

ஒரு வாரம் கடைக்காரர் எங்களை ஜின் செய்யும் இடத்துக்குக் கூட்டிப் போனார். பழைய சைக்கிள் கொட்டகை ஒன்றில் ஒருவர் சிறிய அளவில் தானே காய்ச்சி வடித்துக்கொண்டிருந்தார். அரசாங்க உரிமத்தைச் சட்டம் போட்டு வாசலிலேயே மாட்டியிருந்தார். பக்கத்தில் மாட்டியிருந்த அவருடைய கல்யாணப் படத்தைவிட உரிமம் பெரிது. அப்படியும் "காய்ச்சுறேன்" என்று சொல்லும்போதெல்லாம் குரலைத் தாழ்த்தி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். வயிறு பெருத்த செம்புப் பானை, அதில் ஜூனிபர் என்ற கருநீலக் காய், கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல். வடித்ததை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்துவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தார். அக்காவின் புகழ் அதற்குள் அங்கே எட்டியிருந்தது.

"வாய் கொப்பளிக்கிற தண்ணி," என்றார் அக்கா.

அந்த மனிதரின் தோள் தொங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அக்காவுக்குப் பாவமாகப் போயிற்று. நல்ல உசத்தியான வாய் கொப்பளிக்கிற தண்ணீர், எங்கள் டாக்டர் வாங்கி வைப்பதைவிட எவ்வளவோ மேல் என்று ஆறுதல் சொன்னார். இந்தத் தடவை மட்டும் ஆரஞ்சுத் தோல் இரண்டு முறை விழுந்திருக்கிறதே என்றும் கேட்டார். காய்ச்சுபவர் சற்று யோசித்தார். நடுவில் மாமியாரிடமிருந்து போன் வந்ததும், பேசிவிட்டு வந்து போட்டோமா இல்லையா என்ற குழப்பத்தில் இன்னொரு கை அள்ளிப் போட்டதும் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பானையை இறக்கினாலும் ஒரு சீசாவை எடுத்துக்கொண்டு நேரே பல் மருத்துவமனைக்கு வந்து கூடத்தில் காத்திருப்பார். பல் வலிக்காரர்கள் அவரைப் பொறாமையோடு பார்ப்பார்கள்.

அவர் சொல்லிக்கொடுத்த ஒரு பானத்தை அக்கா எங்களுக்கு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. உயரமான டம்ளரில் ஐஸ் போடவும். ஜின் இரண்டு பங்கு, எலுமிச்சைச் சாறு ஒரு பங்கு, சர்க்கரைப் பாகு ஒரு பங்கு. சோடாவால் நிரப்பவும். ஒருமுறை மட்டும் கலக்கவும். குடித்தபின் வெறும் தண்ணீரில் கொப்பளிக்கவும். அரை மணி நேரம் துலக்கக் கூடாது. வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் உடனே வரவும்.

சுவைத்ததையெல்லாம் அக்கா குறித்து வைக்கத் தொடங்கியதில்தான் வம்பு ஆரம்பித்தது. நாங்கள் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தோம். அக்காவுக்குப் பழக்கமானது மருத்துவமனையின் நோயாளி அட்டை. அதிலேயே எழுதினார். பெயர், வயது, முதன்மைப் புகார், பரிசோதனை, சிகிச்சை என்று அச்சடித்த கட்டங்கள். ஒரு மலிவான சிவப்புக்கு, வயது ஒன்று, புகார் புளிப்பு, பரிசோதனையில் ஈறு இழுக்கிறது, சிகிச்சை தேவையில்லை, வெங்காயத்தோடு சட்டியில் ஊற்றிச் சுண்ட வைத்தால் சரியாகிவிடும் என்று எழுதினார். கடைக்காரருக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. அக்கா எழுதிய அட்டைகளை வாங்கி அந்தந்த பாட்டிலுக்குக் கீழே குத்தி வைக்க ஆரம்பித்தார். வியாபாரம் நடந்தது.

இதில் எதுவும் வீட்டுக்குத் தெரியாது. சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தார். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றவில்லை. கழுத்தில் விரிப்பு மாட்டுகிறோம், துப்பச் சொல்கிறோம், அட்டை எழுதுகிறோம். இது வேலை இல்லாமல் வேறென்ன? வீட்டில் யாருக்கும் வாடையும் வரவில்லை. எல்லாவற்றையும் துப்பிவிட்டு, கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்கியும் விடுகிறவரிடம் என்ன வாடை வரும்?

பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. அப்புறம் நாத்தனாருக்குப் பல் வலி வந்தது.

கீழ்வரிசை, வலது பக்கம், கடைவாய்ப் பல். வீட்டிலேயே பல் மருத்துவமனை ஆள் இருந்தும் அவர் ஆறு வாரம் வாயைத் திறக்கவில்லை. வலியை ஒப்புக்கொள்வது தோல்வி என்று நினைத்தார். கன்னத்தில் வைத்த கையை எடுக்காமல், ஏதோ யோசனையில் இருப்பது போலவே ஆறு வாரம் நடமாடினார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அக்கா அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தார். டாக்டர் பார்த்தார். வீக்கம் அதிகம், மாத்திரை தருகிறேன், திங்கள்கிழமை மறுபடி வாருங்கள் என்றார். அக்கா அட்டை எழுதினார். மறுநாள் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய அட்டைக் கட்டு அதே மேசையில் இருந்தது. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

திங்கள்கிழமை நாத்தனார் வாயைத் திறந்து படுத்திருந்தார். வாய் மூடாதபடி உள்ளே கவ்வி மாட்டியிருந்ததால் பேச முடியாது. அக்கா பக்கத்து அறையில் கருவிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு ஒரு வழக்கம் உண்டு, நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் அட்டையைச் சத்தமாகப் படிப்பார்.

"வயசு ஏழு," என்று ஆரம்பித்தார்.

நாத்தனார் தலையை அசைத்தார்.

"உடம்பு கனம். ஆரம்பத்துல முரட்டுத்தனம், போகப் போக இனிப்பு. அடியில வண்டல் இருக்கு. திறந்து ஒரு மணி நேரம் காத்தாட வைக்கணும். இன்னும் அஞ்சு வருஷம் இருட்டுல படுக்க வச்சா நல்லா வருவாங்க." டாக்டர் அட்டையைத் திருப்பினார். "ஆட்டுக்கறியோட கொடுக்கலாம்."

பக்கத்து அறையில் ஒரு தட்டு கீழே விழுந்தது.

அக்கா ஓடி வருவதற்குள் நாத்தனார் கையை நீட்டிவிட்டார். முப்பத்துநான்கு வருடம் நீண்ட கை. டாக்டர் மறுபேச்சில்லாமல் அட்டையைக் கொடுத்தார். நாத்தனார் முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார். பின்னால், கடைக்காரர் முன்கூட்டியே குத்திக் கொடுத்திருந்த கடை முத்திரையும் விலாசமும் இருந்தன. வாயிலிருந்த கவ்வியை டாக்டர் எடுத்த பிறகும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. ரயிலில் டிக்கெட் இல்லாதவனைக் கண்ட உடனே பிடிக்க மாட்டாராம், அடுத்த நிலையம் வரை விட்டுப் பிடிப்பாராம். அக்காவும் தானாகச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் மருத்துவமனையில் யாரைத் துப்பச் சொன்னாலும் குரல் கம்மியிருந்தது. பாதிப் பேர் விழுங்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை மூன்றேகால் மணி. நாங்கள் நாலாவது கோப்பையில் இருந்தோம். கடை வாசலில் நாத்தனார் நின்றார், கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. அவருக்குப் பின்னால், ஏன் கூட்டி வரப்பட்டோம் என்று தெரியாமல் தம்பி. அக்காவின் வாய் நிறைய சிவப்பு ஒயின்.

"வாயில என்ன?" என்று கேட்டார் நாத்தனார்.

அக்கா துப்பினார். அந்த நிலைமையிலும் நேர்க்கோடு. உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ஒயின் அண்ணி," என்றார்.

"குடிக்கிறியா?"

"இல்ல அண்ணி. துப்புறேன்."

டிக்கெட் இல்லாத பயணிகள் சொல்லி நாத்தனார் கேட்காத சாக்கு கிடையாது. டிக்கெட்டை ஆடு தின்றுவிட்டது என்று சொன்னவனைக்கூடப் பார்த்தவர். இது புதிது. எத்தனை நாளாக என்று கேட்டார். பதினான்கு மாதம் என்றார் அக்கா. ஒரு வாய்கூட விழுங்கியதில்லையா என்று கேட்டார். இல்லை என்றார். நாங்கள் எல்லோரும் கழுத்தில் நீல விரிப்போடு, ஆமாம் என்று தலையாட்டினோம். டாக்டர் மட்டும் ஆட்டவில்லை. நாத்தனார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். இதையெல்லாம் என்ன செய்வீர்கள் என்று கடைக்காரரைக் கேட்டார். கீழே ஊற்றிவிடுவோம் என்றார் அவர்.

நாத்தனார் அக்காவின் பக்கம் திரும்பினார். "நீ குடிச்சிருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும். இவ்ளோத்தையும் பாழாக்கிட்டு நிக்கிறியே, எப்படி உனக்கு மனசு வருது?"

அந்தக் கோணத்தில் அக்கா யோசித்ததே இல்லை. அப்போதுதான் அவருடைய கணவர் வாயைத் திறந்தார். அவர் இவ்வளவு நேரமும் அடுக்கில் படுத்துக்கிடந்த பாட்டில்களையும் மனைவியின் கையெழுத்தில் இருந்த அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டார்.

பதினான்கு மாதத்தில் நாங்கள் அக்காவிடம் ஆயிரம் கேட்டிருக்கிறோம். இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது, எத்தனை நாள் பீப்பாயில் கிடந்தது, எதோடு சாப்பிடலாம். இதை ஒருவர்கூடக் கேட்டதில்லை. அக்கா அடுக்கோரமாக நடந்தார். ஒரு அட்டையை எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். கிராம்பு வாசனைக்காரரைத் தாண்டிப் போனார். விலை உயர்ந்த வரிசை முழுவதையும் தாண்டினார். கடைசி அடுக்கில், மூலையில், நாங்கள் யாரும் இரண்டாம் முறை கேட்காத ஒரு சாதாரண வெள்ளை ஒயின் இருந்தது. அதன் அட்டையில் வயது இரண்டு என்று இருந்தது. முதன்மைப் புகார் என்ற கட்டத்தில், இல்லை என்று எழுதியிருந்தார்.

இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கட்டத்தில் அப்படி எழுத அவருக்கு வாய்ப்பே கிடைத்ததில்லையாம். புகார் இல்லாமல் அந்தப் படியை யார் ஏறுவார்கள்?

கடைக்காரர் ஊற்றிக் கொடுத்தார். அக்கா ஒரு வாய் எடுத்தார். எங்கள் எல்லோருடைய கண்ணும் அவர் தொண்டையில் இருந்தது. விழுங்கினார்.

"ஜில்லுனு போகுது. போனப்புறம் சூடா இருக்கு," என்றார். பிறகு கோப்பையைக் கணவரிடம் நீட்டினார். அவர் தரையில் உட்கார்ந்து, மெதுவாகக் குடித்து, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். அரைக் கோப்பைக்குப் பிறகு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் எதற்கென்று தெரியாமல் கூடவே சிரித்தார்.

இதற்குள் நாத்தனார் தன் அட்டையைக் கண்டுபிடித்துவிட்டார். அது நடு அடுக்கில், கண்ணுக்கு நேராகக் குத்தியிருந்தது. பெயர்க் கட்டம் காலி, வயது அறுபத்து மூன்று. கீழ்வரிசை வலது பக்கம் அழுகல். ஆறு வாரம் மூடி மறைத்திருக்கிறார். எதைத் தொட்டாலும் எகிறுகிறார். பிடுங்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கடைக்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு உண்மையைச் சொன்னார். அந்த அட்டையை ஒரு பழைய சிவப்பு ஒயினுடையது என்று நினைத்துக் குத்திவிட்டதாகவும், பிடுங்கச் சொன்னது தக்கையை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதாகவும், இருந்த ஏழு பாட்டிலும் ஒரே வாரத்தில் விற்றுத் தீர்ந்ததாகவும் சொன்னார். அதில் ஒன்றை வாங்கியவன் நான். உசத்தியான சில ஒயினுக்குத் திராட்சையை அழுக விடுவார்கள் என்று கேட்டிருந்ததால், அழுகல் என்று படித்ததும் பெரிய விஷயமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

நாத்தனார் அட்டையை மறுபடி படித்தார். "ஏழுமா?" என்று கேட்டார்.

ஏழும்தான் என்றார் கடைக்காரர். இன்னும் நாலு பேர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். நாத்தனார் அட்டையை மடிக்காமல் கைப்பைக்குள் வைத்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து மேசையின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். இனிமேல் பாட்டிலில் மிச்சமாகும் ஒயினைக் கீழே ஊற்றக் கூடாது, எல்லாம் தன் சமையலறைக்கு வர வேண்டும் என்றார். வாளியில் இருப்பது வேண்டாம் என்பதையும் தெளிவாகச் சொன்னார்.

அடுத்த வாரம் பல்லைப் பிடுங்கினார்கள். துப்புங்க என்று அக்கா சொன்னதும் நாத்தனார் துப்பினார். வாழ்நாளில் அவர் அக்காவின் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவருடைய தம்பி எங்களிடம் சொன்னார். காயம் ஆறும்வரை கஞ்சியும் கூழுமாக ஓட்டி, எட்டாம் நாள் மிச்ச ஒயினில் பேரிக்காய் வேகவைத்தார்கள். ரொம்பச் சுலபம். நாலு பேரிக்காயைத் தோல் சீவி, காம்பை விட்டுவிட்டு, இரண்டு டம்ளர் சிவப்பு ஒயினில் போடுங்கள். அரை டம்ளர் சர்க்கரை, ஒரு பட்டை, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோல். சின்னத் தீயில் அரை மணி நேரம், நடுநடுவே புரட்டிவிட வேண்டும். காயை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாகு மாதிரி சுண்ட விட்டு மேலே ஊற்றுங்கள். கிராம்பு இரண்டுக்கு மேல் போனால் டாக்டர் ரூம் வாசனை வந்துவிடும் என்று அக்கா எச்சரித்தார். நாத்தனார் மூன்று போட்டார். பல் பிடுங்காத பக்கமாகவே ஒதுக்கி நாலு துண்டு சாப்பிட்டார். எங்களுக்குக் கொடுத்தனுப்பிய கிண்ணத்தில் யார் யார் எத்தனை துண்டு எடுத்தோம் என்று அடுத்த சனிக்கிழமை விசாரித்தார்.

இப்போது அக்காவுக்கு ஐம்பது வயது. காலையில் மருத்துவமனை, சனிக்கிழமை பிற்பகல் கடை. டாக்டரும் வருகிறார், ஆனால் அவருக்கு நாத்தனார் கையால் அளந்துதான் ஊற்றுவது. அக்கா கடைக்கு வருகிறவர்களுக்கு ஒயின் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் உண்டு. அவருடைய முறை வேறு யாரிடமும் இல்லாத முறை.

போன வாரம் ஒருவர் மாமனாருக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு பாட்டில் வேண்டும் என்று வந்தார். அவருக்கு எந்த மாதிரி பிடிக்கும், சிவப்பா வெள்ளையா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா குறுக்கே வந்து, அவருக்கு எத்தனை பல் இருக்கிறது என்று கேட்டார். வந்தவருக்குத் தெரியவில்லை. துவர்ப்பான சிவப்பு ஈறைப் பிடித்து இழுக்கும், பல் குறைவானவர்களுக்கு ஆகாது, எண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்றார் அக்கா. அந்த மனிதர் மனைவிக்குப் போன் செய்தார். அங்கே பெரியவர் வாயைத் திறக்க மறுக்கிறார் என்று தெரிந்தது. போனில் வெகுநேரம் இழுபறி. கடையில் எல்லோரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.

"பதினேழாம்," என்றார் அவர் கடைசியில். "ஒண்ணு ஆடுதாம்."

அக்கா அடுக்கின் பக்கம் கை நீட்டியவர் அப்படியே நின்றார். "ஆடுறது மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

அந்த மனிதர் மறுபடியும் போனைக் காதில் வைத்தார்.